நாலாம் ஜுரம்

நல்லம்பள்ளியில் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு வந்து யாராவது "பையனுக்கு ஜொரமுங்க" என்று சொன்னால், "எத்தனாவது ஜொரம்?" என்று கேட்க எனக்கு இன்னமும் வாய் வந்துவிடுகிறது. இரண்டொரு முறை கேட்டும் இருக்கிறேன். ஒருவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மூணாவது பையனுக்குங்க" என்றார். கடை முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாத்திரையை அவரே எடுத்துக் கொடுத்தார். பட்டுப்புழு வளர்த்த வீட்டில் பிறந்தவர்களுக்கு இந்தக் கோளாறு உண்டு. மனிதருக்கு வரும் ஜுரத்துக்கு எண்ணிக்கை கிடையாது. புழுவுக்கு நான்கே நான்குதான்.

முட்டையிலிருந்து வெளிவந்த புழு, கூடு கட்டுவதற்குள் நான்கு முறை தோல் உரிக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் போல இலையைத் தொடாமல், தலையைத் தூக்கியபடி ஆடாமல் அசையாமல் கிடக்கும். எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் ஜுரம். முதல் ஜுரம், ரெண்டாம் ஜுரம் என்று வரிசையாகச் சொல்வோம். நோய் ஒன்றும் இல்லை, வளர்ச்சிதான். கர்நாடகப் பக்கத்திலிருந்து முட்டை வந்தபோது இந்தச் சொல்லும் கூடவே வந்துவிட்டது என்பார் அப்பா. இந்த ஒரு சொல்லால், நான் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது, தூத்துக்குடிப் பக்கத்தில் முகம் தெரியாத ஓர் அம்மாள் மீன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் ஊர் பென்னாகரத்திலிருந்து உள்ளே தள்ளி, காட்டை ஒட்டி இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் ஒரு ஏக்கர் மல்பெரி. வீட்டில் இரண்டு அறைகள். பெரியது புழுவுக்கு, சின்னது எங்களுக்கு. அப்பா, அம்மா, புருஷன் வீட்டோடு சண்டை போட்டுக்கொண்டு வந்து எங்களோடேயே தங்கிவிட்ட அத்தை, நான் என்று நாலு பேரும் சின்ன அறையில் கால் நீட்ட இடமில்லாமல் படுத்திருப்போம். புழுக்கள் பெரிய அறையில் அடுக்கடுக்கான மூங்கில் தட்டுகளில் காற்றோட்டமாக இருக்கும். அடுக்கின் கால்களுக்குக் கீழே எறும்பு ஏறாமல் இருக்கத் தண்ணீர்க் கிண்ணங்கள். வீட்டுக்குள் கொசுவத்தி கூடாது, பவுடர் கூடாது, ஊதுவத்தி கூடாது. எந்த வாசனையும் புழுவுக்கு ஆகாது என்பதால் சாமி படத்துக்குக்கூட எங்கள் வீட்டில் வெறும் விளக்குதான். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த தூரத்து மாமா ஒருவர் சென்ட் அடித்திருந்தார் என்பதற்காக, அம்மா அவரை வேப்பமரத்தடியிலேயே உட்கார வைத்துக் காபி கொடுத்து அனுப்பினாள். அவர் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அம்மாவுக்கு அதில் பெரிய வருத்தமும் இல்லை.

அம்மா புழுவைப் புழு என்று சொல்ல மாட்டாள். "புள்ளைங்க" என்பாள். "புள்ளைங்களுக்கு எலை போட்டியா?", "புள்ளைங்க இன்னிக்கு மந்தமா இருக்குதுங்க, என்னான்னு பாரு" என்று நாள் முழுக்க அவற்றைப் பற்றிய பேச்சாகவே இருக்கும். என்னைக் கூப்பிடும்போது மட்டும் "ஏய்" என்பாள். "பெத்தவளுக்கு எம்புட்டுப் புள்ளைங்க பாரு, நீ கடேசிப் புள்ள" என்று அத்தை என்னைச் சீண்டுவாள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. எனக்குச் சோறு போட மறந்த நாள் அம்மாவுக்கு உண்டு. புழுவுக்கு இலை போட மறந்த நாள் கிடையாது.

இருந்தாலும் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. பள்ளிக்கூடம் போவதற்கு முன் அப்பாவோடு இலை வெட்டப் போவேன். பனியில் பாவாடை முழங்கால் வரை நனைந்துவிடும். செடியில் கறுத்துப் பழுத்திருக்கும் மல்பெரிப் பழத்தைப் பறித்துத் தின்று நாக்கெல்லாம் ஊதாவாகிவிடும். "புள்ளைங்க பங்கத் திங்காத பாப்பா, உங்கம்மாகிட்டச் சொல்லிடுவேன்" என்று அப்பா மிரட்டுவார். புழு பழம் தின்னாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இலைக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து தட்டுகளில் போட்டால், கேழ்வரகுக் கதிரைக் கையால் கசக்குவது போல அறை முழுக்க ஒரு சத்தம் எழும்பும். உழைத்த கைக்கு முன்னால் அத்தனை வாய்கள் தின்பதைப் பார்க்கும் சந்தோஷத்தை, இன்றைக்கு எத்தனை மாத்திரை அட்டை விற்றாலும் நான் அடைந்ததில்லை.

சந்தோஷமெல்லாம் பள்ளிக்கூட வாசல் வரைக்கும்தான். என்னதான் குளித்தாலும் புழு அறையின் வாடை சீருடையில் ஒட்டிக்கொள்ளும். வகுப்பில் என் பெயர் "புழு". பெஞ்சில் எனக்கு மட்டும் தாராளமாக இடம் கிடைத்தது. ஒருநாள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் சோற்றின் மேல் ஒரு மல்பெரி இலை இருந்தது. யார் வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. இலையை எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டேன். வீட்டிலும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீடு எங்கே இருக்கிறது, அப்பா என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றப் பழகிக்கொண்டேன்.

அந்த வருடம்தான் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி ஒரு தமிழ் டீச்சர் வந்தார். அவருடைய அக்காவும் அவர்கள் ஊரில் டீச்சர். அக்காவும் தங்கையும் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தார்கள். அங்கே படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இங்கே படிக்கும் ஒரு பிள்ளை கடிதம் எழுத வேண்டும். "அந்தப் பிள்ளைகள் மலையைப் பார்த்ததில்லை, நீங்கள் கடலைப் பார்த்ததில்லை, உட்கார்ந்து எழுதுங்கள்" என்று சொல்லி ஆளுக்கொரு நீல நிற இன்லாண்ட் லெட்டரைக் கொடுத்தார். என் பங்குக்கு வந்தவள் ரோஸ்லின்.

முதல் கடிதத்தில் என் பெயர், வகுப்பு, ஒகேனக்கல் அருவி எங்கள் ஊருக்குப் பக்கம் என்பது வரைக்கும் தடையில்லாமல் எழுதினேன். "எங்கள் வீட்டில்" என்று ஆரம்பித்ததும் பேனா நின்றுவிட்டது. என்னைப் புழு என்று கூப்பிடாத ஒருத்தி இந்த உலகத்தில் கிடைத்திருக்கிறாள், அவளிடம் நானே போய் அதைச் சொல்வானேன் என்று தோன்றியது. கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு, "எங்கள் வீட்டில் நிறையப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நானும் அம்மாவும்தான் அவர்களுக்கு நேரத்துக்குச் சாப்பாடு போடுகிறோம்" என்று எழுதினேன். அம்மா அப்படித்தானே சொல்கிறாள், இதில் பொய் எங்கே இருக்கிறது என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். மனசும் உடனே சமாதானமாகிவிட்டது.

ரோஸ்லினின் பதில் பத்து நாளில் வந்தது. எழுத்து குண்டு குண்டாக இருந்தது. அவளுடைய அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் வேலை செய்கிறார்கள். விடிவதற்கு முன்பே போய்ப் பாத்தியில் உப்பு வாருவார்கள். வெயில் ஏறினால் உப்பின் வெளிச்சம் கண்ணைக் குத்தும். அம்மையின் கையில் எப்போதும் காயம் இருக்கும், உப்பு பட்டு எரியும், ஆனாலும் அவளை மாதிரி வேகமாக வார அங்கே யாராலும் முடியாது. இவ்வளவையும் எழுதிவிட்டு, "இன்றைக்கு உங்கள் வீட்டுக் குழம்பில் போட்டது எங்க அம்மை வாரிய உப்பாக இருக்கும். ருசி பார்த்து எழுது" என்று முடித்திருந்தாள். நான் மறைத்துக்கொண்டு அலைந்ததைப் போன்ற ஒன்றை அவள் பெருமையாகச் சொல்லியிருந்தாள். அந்த ஒரு வரிக்காக அவளுக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன். அப்போது மட்டும் வெட்கமாக இருந்தது.

கடிதத்தின் ஓரத்தில், இடம் போதாமல் சாய்வாக இன்னொன்றும் எழுதியிருந்தாள். "உங்கள் அம்மா அநாதைப் பிள்ளைகளையா வளர்க்கிறார்கள்? எங்க அம்மைட்டச் சொன்னேன். அந்தத் தாய்க்கு மாதா நல்ல சுகத்தைக் கொடுக்கட்டும் என்றாள். எத்தனை பிள்ளைகள்? பெயர் என்ன?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. "எண்ண முடியாத அளவுக்கு இருக்கிறார்கள். ஒருவன் பெயர் முருகன், நன்றாகச் சாப்பிடுவான்" என்று எழுதினேன். அன்று காலை மேல் தட்டில் ஒரு புழு மற்றவற்றைத் தள்ளிவிட்டு இலையின் நடுவில் ஏறித் தின்றுகொண்டிருந்தது. அதைத்தான் நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நாலைந்து கடிதங்கள் போய்வந்தன. ஒவ்வொரு கடிதத்திலும் அவள் முருகனை விசாரித்தாள், நானும் அவன் நலமாக இருப்பதாக எழுதினேன். எழுத எழுத எனக்கே அதெல்லாம் இயல்பாகிவிட்டது.

மாசியில் வைத்த புழுவுக்கு நாலாம் ஜுரம் வந்தது. ஜுரம் விட்டுவிட்டால் கூடு கட்டும் வரைக்கும் பேய்த்தீனி தின்னும், அதற்குள் இலை வெட்டிச் சேர்க்க வேண்டும் என்று வீடே பரபரப்பாக இருந்தது. ரோஸ்லினுக்கு எழுத வேண்டிய முறை என்னுடையது. இலைக் கட்டின் மேல் உட்கார்ந்து அவசரமாக எழுதினேன். எழுதிய ஒவ்வொரு சொல்லும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"அன்புள்ள ரோஸ்லின், நீண்ட கடிதம் எழுத நேரம் இல்லை. பிள்ளைகள் எல்லோருக்கும் நாலாம் ஜுரம். நேற்றிலிருந்து யாரும் சாப்பிடவில்லை. தலையைத் தூக்கியபடி அசையாமல் கிடக்கிறார்கள். நாலைந்து பேர் பிழைக்கவில்லை. அப்பா எல்லோர் மேலும் சுண்ணாம்புத் தூள் தூவிவிட்டார். அம்மா யாரையும் உள்ளே விடுவதில்லை. ஜுரம் விட்டதும் விவரமாக எழுதுகிறேன்."

சுண்ணாம்புத் தூள் தட்டில் ஈரம் தங்காமல் இருக்கத் தூவுவது. நாலைந்து புழு சாவது எப்போதும் நடப்பது. ஜுரம் என்ற சொல்லுக்கு மற்ற ஊர்களில் வேறு அர்த்தம் இருக்கிறது என்பது எழுதும்போது எனக்கு ஓர் ஓரத்தில்கூடத் தோன்றவில்லை. ஒட்டித் தபால் பெட்டியில் போட்டுவிட்டு இலை வெட்டப் போய்விட்டேன்.

ஜுரம் விட்டது. ஏழெட்டு நாள் தின்று தீர்த்தன. உடம்பு கண்ணாடி போலாகிப் பழுத்த புழுக்களைப் பொறுக்கி, கூடு கட்டுவதற்கான மூங்கில் தட்டிகளில் விட்டோம். மஞ்சளும் வெள்ளையுமாகத் தட்டி நிறையக் கூடுகள். அந்த முறை கூடு நன்றாகத் திரண்டிருந்தது. அப்பா மூட்டை கட்டி தர்மபுரி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுச் சிரித்த முகத்தோடு திரும்பினார். மறுநாள் நாங்கள் எல்லோரும் காலாற உட்கார்ந்திருந்தபோது தபால்காரர் சைக்கிளை வேகமாக மிதித்துக்கொண்டு வந்தார்.

"என்னாங்க இது, வூட்ல புள்ளைங்களுக்கு ஒடம்பு சரியில்லன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்று இறங்கும்போதே கேட்டார். "எந்தப் புள்ளைங்க?" என்றார் அப்பா. தபால்காரர் ஒரு துணிப் பார்சலை நீட்டினார். மாவுப் பையைக் கிழித்துத் தைத்த பார்சல். அதன் மேல் குண்டு குண்டான நீல எழுத்தில், "ஜுரத்தில் கிடக்கும் பிள்ளைகளுக்கு. அவசரம்" என்று எழுதியிருந்தது.

பார்சலுக்குள் பனை ஓலைப் பெட்டியில் கருப்பட்டி, ஒரு பொட்டலம் சுக்கு, மாதா கோயிலில் மந்திரித்த எண்ணெய் ஒரு சின்னக் குப்பியில், அப்புறம் தனியாக ஒரு துணி முடிச்சில் உப்பு. அதற்குக் கீழே கடிதம். அம்மாவுக்கும் அத்தைக்கும் படிக்கத் தெரியாது. அப்பா கண்ணாடியைத் தேடவில்லை. "நீயே படி பாப்பா" என்றார். படித்தேன்.

என் கடிதத்தைப் படித்துவிட்டு ரோஸ்லின் வகுப்பில் அழுதிருக்கிறாள். டீச்சர் கேட்டு, வகுப்பே முழங்காலில் நின்று ஜெபம் செய்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் சாமியார், தர்மபுரி மாவட்டத்தில் ஜுரத்தால் வாடும் குழந்தைகளுக்காகவும், குறிப்பாக முருகனுக்காகவும் வேண்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். இந்த இடத்தில் அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அத்தைக்கு அதுவும் முடியவில்லை, எழுந்து கோழிக்கூண்டுப் பக்கம் போய் நின்று சிரித்தாள். அதற்குள் அடுத்த வரி என் கண்ணில் பட்டுவிட்டது. கடிதத்தை மடிக்கப் பார்த்தேன். "ஏன்டி நிறுத்தற, மிச்சத்தயும் படி" என்று அங்கிருந்தே கத்தினாள் அத்தை.

"அம்மை நேர்ச்சை போட்டிருக்காள். பிள்ளைகள் எல்லாருக்கும் சுகமாகிவிட்டது என்று உன் கையால் எழுதிய கடிதம் வருகிற வரைக்கும் மீனைத் தொடமாட்டாள். ஆறு நாளாச்சு. உப்பளத்தில் வேலை செய்கிற உடம்பு, மீன் இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. சீக்கிரம் எழுது."

யாரும் சிரிக்கவில்லை. அம்மா அந்த உப்பு முடிச்சை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் முதல் கடிதத்திலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. பெஞ்சையும் மல்பெரி இலையையும் சொன்னேன். திட்டு விழும் என்று காத்திருந்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. சோற்றில் இலை இருந்த கதைக்கு மட்டும் "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல" என்றாள். "கண்ணு" என்றும் சேர்த்துச் சொன்னாள்.

"இப்ப என்னா பெரிய விசயம்? எல்லாத்துக்கும் நல்லாயிடுச்சுன்னு ஒரு வரி எழுதிப் போட்டா முடிஞ்சுது. அந்தம்மா மீன் திங்கட்டும்" என்றார் அப்பா.

"நல்லாயிடுச்சுன்னு எப்பிடி எழுதறது? அதுங்க இந்நேரம் கொதிக்கிற தண்ணியிலில்ல கெடக்குதுங்க" என்றாள் அத்தை. நூல் எடுக்கிறவர்கள் கூட்டைக் கொதிநீரில் போடுவார்கள், உள்ளே இருக்கும் உயிர் அதோடு போய்விடும். எங்களுக்குத் தெரிந்ததுதான். அதை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அம்மா அத்தையை முறைத்தாள்.

"கடல ஒட்டி இருந்துகிட்டு அந்தம்மா மீன் இல்லாம திங்குது. எம் புழுவுக்கோசரம்" என்றாள் அம்மா. அவள் வாயிலிருந்து புழு என்ற சொல் வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "அவங்கள ஏமாத்தி மீன் திங்க வெச்சா அந்தப் பாவம் நம்மளச் சும்மா வுடுமாங்க? நெசத்த எழுதட்டும். மொதல்லேர்ந்து கடேசி வரைக்கும் எழுதட்டும்."

நிஜத்தை எழுதினால் ரோஸ்லின் என்னோடு பேச மாட்டாள். எனக்கு இருந்தது அவள் ஒருத்திதான். எழுதாவிட்டால் அவளுடைய அம்மா பட்டினி மாதிரிக் கிடப்பார். அழுதுகொண்டே உட்கார்ந்து, மூன்று தாளைக் கிழித்துப் போட்டு, நாலாவதில் எழுதி முடித்தேன். பிள்ளைகள் என்பது புழுக்கள், ஜுரம் என்பது தோல் உரிப்பு, முருகன் எந்த மூட்டையில் போனான் என்று தெரியாது, அவனைக் கொதிநீரில் போட்டிருப்பார்கள், பட்டு அப்படித்தான் கிடைக்கிறது, என்னைப் பள்ளிக்கூடத்தில் புழு என்கிறார்கள், அதனால் உன்னிடம் மறைத்தேன், உங்க அம்மையை மீன் சாப்பிடச் சொல், என்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை. கடைசி வரி பொய். மன்னிக்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு சாமியிடமும் வேண்டிக்கொண்டேன்.

வெறும் கடிதம் அனுப்ப அம்மாவுக்கு மனசு வரவில்லை. கருப்பட்டி அனுப்பியவர்களுக்கு நாமும் எதையாவது அனுப்ப வேண்டும், அதுவும் நம் கை உழைப்பாக இருக்க வேண்டும் என்றாள். நல்ல கூடெல்லாம் மார்க்கெட்டுக்குப் போய்விட்டது. மிச்சம் இருந்தவை இரட்டைக் கூடுகள் மட்டும். இரண்டு புழுக்கள் ஒரே இடத்தில் சேர்ந்து கட்டிவிடும் கூடு அது. இழை சிக்கிக்கொள்ளும் என்று மார்க்கெட்டில் கழித்துவிடுவார்கள். "கழிச்சத அனுப்புனா நம்மளப் பத்தி என்னா நெனப்பாங்க அண்ணி" என்று அம்மா அத்தையிடம் புலம்பினாள். "தெரிஞ்சாத்தான நெனப்பாங்க" என்றாள் அத்தை. ஒரு இனிப்புப் பெட்டியில் பஞ்சு பரப்பி அதில் ஆறேழு கூடுகளை வைத்தோம். உள்ளே உயிர் இருக்கிறது, புழுக்கம் தாங்காது என்று அப்பா கோணி ஊசியால் பெட்டியில் ஓட்டை போட்டார். நான் எழுதிய கடிதத்தை மேலே வைத்தேன்.

அதற்கப்புறம் காத்திருப்பு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா ஒகேனக்கல் ரோட்டில் ஆற்று மீன் வாங்கிவந்தார். அம்மா குழம்பு வைத்து எல்லோருக்கும் ஊற்றினாள், தனக்கு மட்டும் ரசத்தை ஊற்றிக்கொண்டாள். "நீ திங்கலியா?" என்றார் அப்பா. "அங்கேர்ந்து கடுதாசி வரட்டுங்க" என்றாள். அதன் பிறகு எனக்கும் மீன் இறங்கவில்லை. அத்தை மட்டும், யாராவது ஒருத்தர் தின்றாக வேண்டுமே என்று சொல்லி எங்கள் பங்கையும் சேர்த்துத் தின்றாள். புது முட்டை வாங்கி வந்து, அடுத்த புழுக்கள் பொடியாக வெளிவந்து, அவற்றுக்கு முதல் ஜுரமும் வந்துவிட்டது. தபால்காரர் தினமும் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனார்.

ஒரு சனிக்கிழமை கடிதம் வந்தது. வாசலில் அம்மா குஞ்சுப் புழுக்களுக்காக இலையைப் பொடிப்பொடியாக நறுக்கிக்கொண்டிருந்தாள். அத்தை தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். அப்பாவும் வந்து நின்றார். நான் உரக்கப் படித்தேன்.

"அன்புள்ள தோழிக்கு, கோபம் வந்தது உண்மை. ஒரு நாள் முழுக்க உன்னைப் பொய்க்காரி என்று ஏசினேன். ஏசி முடித்துவிட்டேன், அதனால் நீ அழ வேண்டாம். பெட்டியைப் பிரித்தபோது உள்ளே சரசரவென்று சத்தம் கேட்டது. பயந்துகொண்டே திறந்தேன். கூட்டைத் துளைத்துக்கொண்டு வெள்ளை வெள்ளையாக ஐந்து பூச்சிகள் வந்து உட்கார்ந்திருந்தன. அம்மை அப்போதுதான் உப்பளத்திலிருந்து வந்தாள். உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். நீ எழுதியது எல்லாவற்றையும் வாசித்தேன். ஒரு பூச்சியைக் கையில் ஏற்றிக்கொண்டாள். அது பறக்கவில்லை, அவள் கைக் காயத்தின் மேல் மெதுவாக நடந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'ஜுரத்துல கெடந்த பிள்ள எந்திச்சு வந்து இப்பத்தாம்ட்டி நான் பார்க்கேன்' என்றாள். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு, என்னைச் சாளை மீன் வாங்கிவரச் சொன்னாள். குழம்பு வைத்து மூன்று பேரும் சாப்பிட்டோம். உங்க அம்மாவிடம் சொல்."

ரோஸ்லின் என்னை விடவில்லை. அதற்கு மேல் எனக்கு இந்த உலகத்தில் எதுவும் வேண்டியிருக்கவில்லை. குதித்தேன். நிமிர்ந்து பார்த்தால் அம்மாவின் அரிவாள்மனையில் இலை பாதி நறுக்கியபடி நின்றிருந்தது. அத்தை கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துப் பக்கம் நடந்தார். அவர்கள் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, "அம்மா, மீன் சாப்ட்டுட்டாங்களாம்! சாளை!" என்று கத்தினேன்.

"கேட்டுச்சு கண்ணு" என்றாள் அம்மா. பிறகு, "அந்தம்மா எத்தன புள்ளைங்களப் பெத்துச்சுன்னு அந்தப் பொண்ணு எப்பவாச்சும் எழுதியிருக்குதா?" என்று கேட்டாள்.

"இருக்கறது ரோஸ்லின் ஒருத்திதாம்மா."

அம்மா தலையைக் குனிந்துகொண்டு மறுபடி இலையை நறுக்க ஆரம்பித்தாள். கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள். அவளுடைய வருத்தம் எனக்குப் புரிந்துவிட்டது போல இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "கழிச்ச கூடுன்னு அவங்களுக்குத் தெரியவே தெரியாதும்மா" என்று தேறுதல் சொன்னேன்.